ஒரே வரியில் இரண்டு 'புரொவைடட்'

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் பிளம்பர் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அதில் 'ரிட்டர்ன் டிக்கெட் வில் பி புரொவைடட், புரொவைடட் தி எம்ப்ளாயி கம்ப்ளீட்ஸ் டூ இயர்ஸ்' என்று ஒரு வரி. "தருவோம் தருவோம்னு ரெண்டு தடவை எழுதியிருக்கான், பயப்படாதீங்க" என்கிறார் ஏஜென்ட். சரிதானா?
– வாசகி, கருங்கல்

பதில்: சரியில்லை. முதல் புரொவைடட்டுக்கு 'தரப்படும்' என்று பொருள். இரண்டாவது, நிபந்தனை. இரண்டு வருடம் முடித்தால் மட்டுமே டிக்கெட். பதினெட்டாம் மாதம் ஊர் திரும்பினால் இந்த வரியைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது.

எது எந்தப் பொருளில் வருகிறது என்று பார்க்க, அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'இஃப்' எழுதிப் பாருங்கள். 'டிக்கெட் வில் பி இஃப்' என்பது உளறல். 'இஃப் தி எம்ப்ளாயி கம்ப்ளீட்ஸ்' ஒழுங்காக நிற்கிறது. நின்றால் நிபந்தனை. பின்னால் 'தட்' வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

ஒரே ஒரு இடத்தில் இது காலை வாரும். விதி ஒன்று முற்றுப்புள்ளியோடு முடிந்திருக்கும். அடுத்த பத்தியே 'புரொவைடட் தட்' என்று தொடங்கும். நம் நாட்டுச் சட்டங்களில் சர்வசாதாரணமான நடை இது. அங்கே 'ஆனால்' என்று வாசியுங்கள். மேலே 'ஓவர்டைம் உண்டு' என்றிருக்கும். கீழே 'புரொவைடட் தட் நோ ஓவர்டைம் ஷல் பி பெய்ட் ஆன் ஃப்ரைடேஸ்' என்றிருந்தால், வெள்ளிக்கிழமை வேலைக்கு ஓவர்டைம் காசு கிடையாது. மேலே கொடுத்ததைக் கீழே பிடுங்கும் பத்தி அது.

ஏஜென்ட்கள் வாட்ஸ்ஆப்பில் சம்பளம் போட்ட முதல் பக்கத்தை மட்டும் அனுப்புவதும் இதனால்தான். எல்லாப் பக்கமும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், அவருடைய பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய்; 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்கிறவரிடமா இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்பது?

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. 'இஃப்'பை 'அன்லெஸ்' ஆக்கினால் மார்க் என்று முப்பது வருடம் நானும்தான் நடத்தினேன். தெருவுக்கு நாலு பேர் கல்ஃபில் இருக்கும் மாவட்டத்தில், ஒரு நாள்கூட ஒரு ஆஃபர் லெட்டரை வகுப்பில் வாசித்ததில்லை. சிலபஸில் இல்லையாம்.

கையெழுத்துக்கு முன் ஒன்று கேளுங்கள்: கம்பெனியே இடையில் அனுப்பிவிட்டால் டிக்கெட் யார் செலவு? பதில் கம்பெனியின் ஈமெயிலில் வரட்டும், ஏஜென்டின் வாய்ஸ் மெசேஜில் வேண்டாம்.