கிராண்டைத் தேடும் முன் கைடைத் தேடுங்கள்: ஆராய்ச்சிக்குப் போகும் ஒரு டாக்டரின் அம்மாவுக்கு

குரோம்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் நெஞ்சக மருத்துவத்தில் எம்.டி. முடித்து, தனியார் மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொஃபசராக இருக்கிறார். கூடப் படித்தவர்கள் எம்.டி.க்கு மேலான சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்பான டி.எம். சீட்டுக்குப் படிக்கிறார்கள், இல்லையென்றால் சாயங்காலம் கிளினிக் வைத்திருக்கிறார்கள். இவரோ, சர்க்கரை நோய் உள்ள காசநோயாளிகளின் சளியிலிருந்து கிருமி மறைய ஏன் கூடுதல் நாளாகிறது, அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ரத்தத்தில் உண்டா என்று ஆராயப் போகிறேன் என்கிறார். "இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். கல்லூரிச் சம்பளம் எங்கும் போகாது. போவது சாயங்கால கிளினிக் வருமானம். நாலைந்து வருடத்துக்கு அது கணிசமான தொகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் அவர் தலையில் இருந்தால் முதலில் அதைக் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. காலையில் ஓ.பி., பிறகு வார்டு ரவுண்ட்ஸ், மத்தியானம் மாணவர்களுக்கு வகுப்பு, நடுவில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு, வாரத்தில் நைட் டூட்டி வேறு. ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். அந்த நேரத்தில் எக்ஸெல் ஷீட்டை நிரப்பலாம்; ஆராய்ச்சி நடக்காது. ஆசையோடு தொடங்கி இரண்டே வருடத்தில் கைவிட்ட இளம் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு யோசனை நன்றாகவே இருந்தது. நேரம் இல்லை, கூட நிற்க ஆளும் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி மகன் "கே அவார்டு" பற்றிச் சொன்னாராம். இளம் டாக்டர்களை ஆராய்ச்சியாளராக வளர்க்கத் தரும் கிராண்ட், அதாவது மானியம். நல்ல திட்டம்தான். அங்குள்ள அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தருவது. ஆய்வகம் சார்ந்த ஆராய்ச்சிக்கு கே08, நோயாளிகளை நேரடியாக வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு கே23. இரண்டுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும், ஆகவே உங்கள் மகளுக்கு இப்போது உதவாது. ஆனால் அதன் அமைப்பை அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பொதுவாக வேலை நேரத்தில் 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்கே விடுவதாகக் கல்லூரி உறுதி தர வேண்டும். கைடு, அதாவது ஆராய்ச்சி வழிகாட்டி, யார், அவர் என்ன சொல்லித்தருவார் என்பதும் மனுவிலேயே இருக்க வேண்டும். அதைத் தனியாக எடைபோடுகிறார்கள்.

நம் ஊரில் 75 சதவீதம் கேட்டால் டீன் சிரிப்பார். வாரத்துக்கு ஆறு நாள், அதாவது பன்னிரண்டு அரை நாள். அதில் மூன்றைக் கேட்கட்டும். கால் பங்கு நேரம். அந்த மூன்று அரை நாளும் யார் ஓ.பி. பார்ப்பார்கள் என்று பெயர் போட்டு, துறைத் தலைவரான எச்.ஓ.டி. கையெழுத்தோடு வாங்கட்டும். "பார்த்துக்கலாம்மா, நம்ம டிபார்ட்மென்ட்தானே" என்ற பேச்சு முதல் டெங்கு சீசனோடு சரி.

இனி கைடு. எச்.ஓ.டி.தான் கைடு என்று பலரும் நினைக்கிறார்கள். எச்.ஓ.டி. டூட்டி போடுகிறவர், லீவு தருகிறவர். கைடு என்பவர் உருப்படியான கேள்வியை எடுத்துக்கொடுத்து, அதற்கான கதவையும் திறந்துவிடுகிறவர். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் முதுநிலை மாணவி நிர்மலாவிடம் எச்.ஐ.வி. கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடுவதையே தீசிஸ் தலைப்பாக எடுக்கச் சொன்னார். அந்த நோய் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்க ஏற்பாடானது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது. மாதிரி சேகரிக்க அலைந்தது மாணவி. கேள்வியைக் கொடுத்தது பேராசிரியர்.

அப்படிப்பட்டவரை எப்படி அடையாளம் காண்பது? மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் மகளை உட்காரச் சொல்லுங்கள். கட்டுரையில் முதல் பெயர் வழக்கமாக வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிகாட்டியவருடையது. கைடாக நினைக்கிறவரின் பெயரைப் போட்டு, அவர் பெயர் கடைசியாக வரும் கட்டுரைகளை மட்டும் எடுக்கட்டும். முதல் பெயராக யார் இருக்கிறார்கள்? ஜூனியர்கள் மாறி மாறி வந்திருந்தால் நல்ல அடையாளம். அப்படிக் கட்டுரைகளே இல்லாமல், எங்கும் அவரே முதல் பெயர் என்றால் யோசிக்க வேண்டும். பிறகு அந்த ஜூனியர்களில் இரண்டு பேருக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "டிராஃப்ட் அனுப்பினால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?" இதற்கு வரும் பதில், அல்லது பதிலுக்கு முன் வரும் மௌனம், எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஒரே கல்லூரிக்குள் தேட வேண்டும் என்று கட்டாயமில்லை. காசநோய் ஆராய்ச்சிக்கு சென்னையைவிட நல்ல ஊர் எது? சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. காசநோயாளிகளுக்கான சானடோரியம் என்ற மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோய் அதே அளவு குணமாகிறது, வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் கூடுவதில்லை என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டிய இடம். உங்கள் மகள் சொல்லும் டிரான்ஸ்லேஷனல் ஆராய்ச்சி, அதாவது ஆய்வில் கண்டதை நோயாளியின் சிகிச்சைவரை கொண்டு சேர்ப்பது, இந்த ஊருக்குப் புதிதல்ல. அங்கிருந்து ஒரு விஞ்ஞானி இணை கைடாக வந்தால், கல்லூரியில் ரத்த மாதிரிகளைப் பாதுகாக்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இல்லையே என்ற கவலைக்கும் வழி பிறக்கலாம். ஆனால் மாதிரிகள் யார் பொறுப்பில், கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் டியூப் உள்ளே போவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் அதற்கு முன்பே.

புள்ளியியல் வராது என்று பயந்தால், ஆய்வுமுறை அடிப்படைப் படிப்பை ஆன்லைனில் நடத்துவதே சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான். அசோசியேட் புரொஃபசர் ஆக அது எப்படியும் வேண்டும். பலர் சர்டிஃபிகேட்டுக்காக வீடியோவை ஓடவிடுகிறார்கள். இவர் நிஜமாகவே படிக்கட்டும்.

கிராண்ட் இதற்கெல்லாம் பிறகு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தரும் மானியங்கள் இருக்கின்றன. மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையும் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் டாக்டர்களுக்கும் உண்டு; சம்பளத்தோடு ஆராய்ச்சிச் செலவும் வரும். தகுதியும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தந்த அறிவிப்பையே பார்க்க வேண்டும், வாட்ஸ்ஆப் ஃபார்வர்டை அல்ல.

வரன் வீட்டாரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மெடிக்கல் காலேஜில் அசிஸ்டென்ட் புரொஃபசர் என்று சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று வருடம் கொடுங்கள். அதற்குள் அவர் பெயர் முதலாவதாக வரும் ஒரு கட்டுரை, வெளியிலிருந்து ஒரு சிறிய கிராண்டாவது, கைடு இல்லாமலே தானாக எழுதிய ஒரு புரொபோசல், இவற்றில் இரண்டு கைக்கு வராவிட்டால் டி.எம். பக்கம் திரும்பட்டும். அந்த மூன்று வருடம் அவருடைய பயோடேட்டாவில் வீணாகத் தெரியாது.

கைடைப் பார்க்க அவர் போகும்போது தயவுசெய்து நீங்கள் கூடப் போகாதீர்கள். போகிற பெற்றோரும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். ஆராய்ச்சி யோசனையை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அவர் தனியாகப் போகட்டும். அந்தப் பக்கத்தை முந்தின நாள் ராத்திரி உங்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவம் தெரியாத உங்களுக்குப் புரியவில்லை என்றால் இன்னொரு முறை எழுத வேண்டும்.