அந்தப் படங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன?

கேள்வி: அமெரிக்கப் போராட்டப் படங்கள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. போலீஸ் அடிக்கிறது, கறுப்பர் விழுகிறார், பின்னால் எங்கோ புகை. எடுப்பவர்கள் போராடுகிறவர்களின் ஆட்கள்தானே? நடுநிலை இல்லாத படங்களை ஆவணம் என்று சொல்லி நீங்களும் வெளியிடலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: சாய்வு இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் பக்கம் அல்ல.

1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் நிறவெறிக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நகரக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த புல் கானர் அவர்கள் மேல் நாய்களை ஏவினார்; தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிடச் சொன்னார். லைஃப் இதழில் சார்ல்ஸ் மூரின் படங்கள் வந்தன. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் பில் ஹட்சன் மே 3 அன்று எடுத்த படம் மறுநாளே நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. ஒரு போலீஸ்காரர் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறார், நாய் அவன் வயிற்றுக்குப் பாய்கிறது. அதைப் பார்த்துக் குமட்டியது என்றார் ஜனாதிபதி கென்னடி.

அந்தப் பையன் ஊர்வலத்தில் வந்தவன் அல்ல, வேடிக்கை பார்க்க நின்றவன். படத்தை உற்றுப் பாருங்கள். அவன் கை போலீஸ்காரரின் கையைப் பற்றியிருக்கிறது, முழங்கால் நாய்க்கு எதிராக உயர்ந்திருக்கிறது. அவன் சும்மா நின்று கடி வாங்கவில்லை. ஆனால் வெள்ளை வாசகர்கள் கண்டதெல்லாம் கையாலாகாத ஓர் அப்பாவியை. அப்படிக் காண வசதியான படங்களைத்தான் பெரிய பத்திரிகைகள் தேடித் தேடிப் போட்டன. அடி வாங்கும் கறுப்பருக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைத்தது. தேவாலயத்தில் கூடித் திட்டம் போட்ட, அடித்தால் திருப்பி அடிக்காமலிருக்கப் பயிற்சி எடுத்த, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு வீடாகப் போன கறுப்பருக்கு அந்த இடம் சுலபத்தில் கிடைக்கவில்லை. நான் சொல்லும் சாய்வு இதுதான். போராடியவர்களுக்கு இதனால் இரக்கம் கிடைத்தது, சரி. ஆனால் அந்த இயக்கத்தை நடத்திய மூளை யாருடையது என்பது பார்வையிலிருந்தே போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் நியூஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர்களும் அதே தெருக்களில்தான் நின்றார்கள். அவர்கள் எடுத்ததில் எவ்வளவோ அச்சேறவே இல்லை. நெகட்டிவ்கள் ஓர் அட்டைப்பெட்டியில் முடங்கிக் கிடந்தன. பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் கண்ணில் பட்ட பிறகு, 2006-இல்தான் அந்தப் பத்திரிகையே அவற்றை வெளியிட்டது. 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன! பத்திரிகை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். கேமரா தன் வேலையைச் செய்தது. ஊர் அமைதி, நடுநிலை என்ற பெயரில் படத்தை அமுக்கியது ஆசிரியர் மேசை.

ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு எடுத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. டேனி லயன் அப்படிப்பட்டவர். கறுப்பர் உரிமைக்காகப் போராடிய எஸ்.என்.சி.சி. என்ற மாணவர் அமைப்பிலேயே புகைப்படக்காரராக வேலை பார்த்தார். 1963 கோடையில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரில் போராடிய சிறுமிகளைக் கைது செய்து, லீஸ்பர்க்கில் ஒரு பழைய சிறைக்கொட்டடியில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பிள்ளைகள் எங்கே என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. 21 வயது லயன் ரகசியமாகப் போய், கம்பி போட்ட சன்னல் வழியே படம் எடுத்து வந்தார். அழுக்குத் தரை, அதில் சுருண்டு கிடக்கும் பிள்ளைகள். அந்தப் படங்கள் வெளியே வந்த பிறகு சிறுமிகள் விடுதலையானார்கள். லயன் நடுநிலையாளர் அல்லவே, அதனால் அந்தத் தரை சுத்தமாக இருந்தது என்று சொல்வீர்களா? எடுத்தவர் யார் பக்கம் என்பது ஒரு கேள்வி, எடுத்தது நடந்ததா என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறீர்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டங்களைப் படமெடுத்ததற்காக ஏ.பி. நிறுவனம் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசை வாங்கியது. 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில், காதில் ரத்தத்தோடு டிரம்ப் முஷ்டியை உயர்த்திய படத்தை எடுத்த இவான் வுச்சியும் அப்போது அதே ஏ.பி.யின் ஆள்தான். டிரம்ப் ஆதரவாளர்கள் அந்தப் படத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று அந்த நிறுவனத்துக்கு முத்திரை குத்தப் போகிறீர்கள்?

நீங்கள் பிடிக்க வேண்டிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1976 ஏப்ரல் 5, பாஸ்டன். அமெரிக்க விடுதலையின் 200-வது ஆண்டு. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைப் பேருந்தில் மாற்றி அனுப்பி ஒன்றாகப் படிக்கவைக்கும் திட்டத்தை எதிர்த்து வெள்ளையர் கூட்டம் ஒன்று நகரசபைக்கு வந்திருந்தது. வேறு வேலையாக அவ்வழியே வந்த கறுப்பின வழக்கறிஞர் டெட் லேண்ட்ஸ்மார்க்கை அடித்தார்கள். தேசியக் கொடிக் கம்பால் ஓர் இளைஞன் அவரைக் குத்த வருவதுபோல் ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த படத்துக்கும் புலிட்சர் கிடைத்தது. பார்த்தால், பின்னால் ஒருவர் லேண்ட்ஸ்மார்க்கைக் குத்துவதற்கு வாகாகப் பிடித்துக் கொடுப்பது போலிருக்கும். உண்மையில் அவர் கீழே விழுந்தவரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்பும் குத்த வரவில்லை, பக்கவாட்டில் சுழற்றப்பட்டது. அன்று அங்கே இருந்த வெறுப்பைப் பற்றி அந்தப் படம் சொல்வது முழு உண்மை. பின்னால் நின்ற அந்த ஒரு மனிதரைப் பற்றி அது சொல்வது தவறு. இரண்டு வரி படக்குறிப்பு இருந்தால் அந்தத் தவறு தீரும். குறிப்பே இல்லாமல் இந்தப் படத்தைப் பரப்புகிறவர்கள் மேல் கோபப்படுங்கள், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

வெளியிடலாமா என்று கேட்டீர்கள். தொடர்ந்து வெளியிடுவோம். எடுத்தவர் பெயர், நாள், இடம், சட்டகத்துக்குள் இருப்பவர்கள் யார் என்ற விவரம் ஆகியவற்றோடுதான் வெளியிடுவோம். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் பக்க எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழிலேயே சேர்த்துவிடுகிறோம்.