பெட் ஸ்கேனர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

(பெட் ஸ்கேனர்: உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று படமாகவும் எண்ணாகவும் காட்டும் கருவி.)

கேள்வி: பிழையும் நிச்சயமின்மையும் ஒன்றுதானே?

இல்லை. பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம். எல்லாம் திருத்திய பிறகும் மிஞ்சுகிற சந்தேகத்துக்கு ஒரு எண் கொடுத்தால், அதுதான் நிச்சயமின்மை.

கேள்வி: ஃபேண்டத்தை (அளந்த கதிரியக்க மருந்து கலந்த நீர் நிரப்பிய சோதனைப் பாத்திரம்) ஒரு மணி நேரம் ஸ்கேன் செய்தேன். அப்படியும் டோஸ் கேலிபரேட்டர் (மருந்தின் கதிரியக்கத்தைச் செலுத்துமுன் அளக்கும் கருவி) சொன்னதற்கும் ஸ்கேனர் சொல்வதற்கும் 6 சதவீதம் இடிக்கிறது. இன்னும் அதிக நேரம் ஓட்டட்டுமா?

வேண்டாம். ஸ்கேனர் பதிவு செய்யும் எண்ணிக்கை பத்து லட்சம் சேர்ந்தாலே சமவாய்ப்பு ஏற்ற இறக்கம் 0.1 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரே பக்கம் சாய்கிற தவறோ எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அசையாது.

முதலில் கடிகாரங்களைப் பாருங்கள். மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் நேரம்) சுமார் 110 நிமிடம். மருந்தை அளக்கும் அறையின் சுவர்க் கடிகாரமும் ஸ்கேனர் கணினியும் 10 நிமிடம் முன்பின்னாக ஓடினால், அதிலேயே 6 சதவீதம் போய்விடும். நான் சந்தேகப்படும் முதல் ஆள் எப்போதும் இதுதான்.

அப்புறம் சிரிஞ்சு. மருந்தைச் செலுத்தியதும் ஃபேண்டத்தின் நீரையே இரண்டு மூன்று முறை உறிஞ்சித் திரும்பத் தள்ளுங்கள். பிறகு காலி சிரிஞ்சையும் அளந்து, அளந்த நேரத்தோடு குறித்துக்கொண்டு கழியுங்கள். ஊசிமுனையில் தொங்கும் ஒரு துளியும் கணக்கில் வரும். ஃபேண்டத்தின் கொள்ளளவுக்கு லேபிளை நம்பாமல், காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை எடை போடுங்கள். மூடிக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: நிச்சயமின்மைக்கு மூன்று காரணங்கள்: 3, 2, 1 சதவீதம். மொத்தம் 6 என்று எழுதலாமா?

ஒன்றையொன்று சாராதவை என்றால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 3.7. ஏறக்குறைய 95 சதவீத நம்பிக்கைக்கு இரண்டால் பெருக்கினால் 7.5. அந்த 1ஐ அடியோடு ஒழித்தாலும் 3.7 என்பது 3.6 ஆகும், அவ்வளவுதான். உழைப்பை அந்த 3இல் போடுங்கள்.

கேள்வி: எங்கள் டோஸ் கேலிபரேட்டரே 4 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. எஸ்யூவி மதிப்பும் (திசுவில் சேர்ந்த கதிரியக்கச் செறிவை, உடல் எடைக்கு ஊசியில் செலுத்திய கதிரியக்கத்தால் வகுத்த எண்) தவறாகுமா?

ஸ்கேனரை அதை வைத்தே திருத்தி, நோயாளிக்கான ஊசியையும் அதிலேயே அளந்தால், வகுத்தலில் மேலும் கீழும் உள்ள அதே 4 சதவீதம் அடிபட்டுப் போகும். எஸ்யூவி சரியாகவே வரும். ஆனால் லுடீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளால் செய்யும் சிகிச்சையில் உறுப்பு வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிட பெக்கரல் எண்ணே (கதிரியக்கத்தின் அளவே) நேரடியாகத் தேவை. அங்கே அந்த 4 சதவீதம் அப்படியே கணக்கில் ஏறும். தாமதிக்காமல் கேலிபரேட்டரைத் தேசிய அளவுத்தரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள். கையோடு ஸ்கேனரையும் மறுபடி திருத்துங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், இதுவரை சரியாக வந்த எஸ்யூவியும் தவறாகிவிடும்.