ஸ்பேனர் வாங்குமுன் கான் வெட்டுங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1963ஆம் வருட மொரிஸ் மைனர் கார் வீட்டருகே தகரக் கொட்டகையில் நிற்கிறது. கொட்டகையை ஒழுங்கான கராஜ் ஆக்கி, லீவு நாட்களில் நானே வேலை பார்க்க ஆசை. 12 அடி அகலம், 18 அடி நீளம், மண் தரை, பின்னால் மண்மேடு. நடுவில் குழி வெட்டினால் வேலை லேசு என்கிறார் மாமா. நல்ல டூல் செட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
(வாசகர், நோர்வூட்)

பதில்: டூல் செட் கடையிலேயே இருக்கட்டும் தம்பி, அது எங்கும் ஓடிவிடாது. கையில் இருக்கிற காசில் பாதிக்கு மேல் தரைக்கும் தண்ணீருக்கும்தான் போகும், அதற்கு மனதைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள். பின்னால் மண்மேடு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் கண்ணில் குத்தியது. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் நிலம் காயாது, அந்த மேட்டில் ஊறுகிற தண்ணீர் எல்லாம் கொட்டகைத் தரைக்குக் கீழேதான் வந்து சேரும். ஆகவே முதல் வேலை, மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் தண்ணீர் வடிய ஒரு கான். தோட்டத்தில் கான் வெட்டுக்குப் போய்ப் பழகியவர் யாரையாவது கூப்பிட்டால் வாட்டம் பார்த்து வெட்டித் தருவார், கூரைத் தண்ணீரையும் பீலி போட்டு அதிலேயே இறக்கிவிடுங்கள். அப்புறம், இடத்தைப் பெருப்பிக்கலாம் என்று மேட்டைச் செதுக்கப் போக வேண்டாம். மலைநாட்டில் சரிவில் கைவைக்குமுன் பிரதேச சபையில் கேட்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடும் தேவைப்படும். உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை, இருக்கிற இடம் காணும். மைனர் 12 அடி 4 அங்குல நீளம், 5 அடி அகலம்தான். வண்டியை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினால் மறுபக்கம் மேசை போட்டு, வைஸ் பூட்டி, ஆள் குனிந்து நிமிர இடம் இருக்கும்.

தரைக்கு மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் 4 அங்குலக் கொங்கிரீட். பொலித்தீனை விட்டுவிட்டால் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், வண்டியின் அடித்தகரம் துருவுக்குப் போய்விடும். வாசலை நோக்கி 18 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் இருக்கட்டும். ஒரு வாரமாவது தரையை நனைத்து வையுங்கள், கொங்கிரீட் அதன் கணக்கான பலத்துக்கு வர 28 நாள் எடுக்கும், வண்டியை ஜக் போட்டுத் தூக்குவதை அதுவரைக்கும் தள்ளிப்போடுவது நல்லது.

குழி விஷயத்தில் மாமா கோபிக்கக் கூடாது. மேட்டடியில் வெட்டுகிற குழி மழைக்காலத்தில் கிணறாகிவிடும், அது கூடப் பரவாயில்லை, இறைத்துக் கொட்டலாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, டாங்கியிலோ குழாயிலோ சின்னக் கசிவு இருந்தாலும் ஆவி போய்க் குழிக்குள் தங்கும், அங்கே பல்ப் விளக்கோடு இறங்கி, விளக்கு கைதவறி உடைந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக இரும்பு ஸ்டாண்ட் நான்கு வாங்குங்கள். ஜக் தூக்குவதற்கு மட்டும்தான், தூக்கிய வண்டியைத் தாங்க ஸ்டாண்ட். சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிற பழக்கம் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறது, பாரம் ஒரு மூலையில் விழுந்தால் அந்தக் கல் எந்தச் சத்தமும் முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். இன்னொன்றும் கவனியுங்கள், மைனரின் ஹேன்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய நொடியே பிரேக் இல்லாத வண்டி அது, வாட்டமான தரையில் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுக்காமல் ஜக்கைத் தொடாதீர்கள்.

தகரக் கூரை விடியற்காலையில் வேர்த்துச் சொட்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி விட்டுக் கம்பி வலை அடியுங்கள், காற்றும் போகும், வயரைக் கடிக்க எலியும் வராது. வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், பருத்தித் துணி போதும். விளக்கை நடுக்கூரையில் ஒன்று மட்டும் போட்டால் போனட்டுக்குள் உங்கள் தலை நிழல்தான் விழும், இரண்டு பக்கச் சுவரிலும் எல்ஈடி டியூப் போட்டுச் சுவருக்கு வெள்ளை அடியுங்கள்.

சரி, இப்போது ஸ்பேனருக்கு வருவோம். நீங்கள் பார்த்து வைத்த செட் பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவாகத்தான் இருக்கும், ஜப்பான் வண்டிக்கு அது அருமை. உங்கள் வண்டிக்கு அங்குல அளவு வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13ஆம் நம்பரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை தேய்ந்து உருண்டையாகிவிடும். கொழும்புக்குப் போகிற நேரம் பஞ்சிகாவத்தையில் தேடிப் பாருங்கள், பழைய இங்கிலாந்து ஸ்பேனர்கள் கிடைத்தால் புதிதைவிட அதுவே மேல். பெட்டரி சார்ஜர் மாட்டுமுன் ஒருதரம் பாருங்கள், யாரும் மாற்றியிருக்காவிட்டால் மைனரில் பொசிட்டிவ் பக்கம்தான் வண்டியின் பொடியோடு, அதாவது உடல் தகரத்தோடு, சேர்ந்திருக்கும்.

கேள்வி: வீட்டுக் கராஜில் வெல்டிங் பிளான்ட் வைக்கலாமா? மெயின் விழுந்துவிடுமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: வீடுகளுக்குப் பொதுவாக 30 அம்பியர் சிங்கிள் பேஸ் கரண்ட்தான், சின்ன இன்வேர்ட்டர் பிளான்ட் அதில் ஓடும், பழைய பெரிய ட்ரான்ஸ்போமர் பெட்டி ஓடாது. தகுதிபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு கராஜுக்குத் தனி லைனும் எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் போடுவியுங்கள், அடுப்படி ப்ளக்கிலிருந்து நீள வயர் இழுக்காதீர்கள். வண்டியின் பொடித் தகரம் மெல்லியது, வெல்டிங் குச்சி வைத்துச் சுடுகிற ஆர்க் வெல்டிங்கில் புதியவர் கைக்கு ஓட்டைதான் விழும், கம்பி தானாக வந்துகொண்டிருக்கிற மிக் பிளான்ட் பழகுங்கள். சுடுமுன் பெட்டரியைக் கழற்றுங்கள். ஈரத் தரையில் செருப்புக் காலோடு நின்று வெல்டிங் பிடிப்பதை நான் பார்த்தால் திட்டுவேன்.

கேள்வி: போத்தலில் மிச்சமிருந்த பிரேக் ஒயிலை ஊற்றித்தான் பிரேக் வேலை முடித்தேன். ரம்பொடை இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல அமுங்கிப் பயந்துவிட்டேன். ஏன்?
(வாசகர், லபுக்கலை)

பதில்: பிரேக் குழாயிலிருந்து காற்றைச் சரியாக எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். எடுத்திருந்தால் சந்தேகம் அந்த மிச்சப் போத்தல்மேல்தான். சாதாரண டொட் 3, டொட் 4 பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உங்கள் ஊர் மூடுபனியைப் பற்றி உங்களுக்கே தெரியும். புது டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அதற்கான கீழ் எல்லை 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சுட்டு ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. திறந்த போத்தலைச் சேமித்து வைக்காதீர்கள், சின்னப் போத்தலாக வாங்குங்கள், பழையதை முழுக்க இறக்கிப் புதிது ஊற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

கேள்வி: என் மகன் குளிருக்குக் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்கிறான். பழைய ஒயிலையும் கானில் ஊற்றுகிறான். சொன்னால் கேட்பதில்லை, நீங்களாவது எழுதுங்கள்.
(ஒரு தாய், நுவரெலியா)

பதில்: இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுங்கள் அம்மா. தம்பி, எஞ்சின் புகையில் வருகிற காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, எழுந்து கதவைத் திறக்க நினைக்கும்போது கால் எழும்பாது. எஞ்சின் ஓடினால் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், வண்டியின் பின்பக்கம் வெளியே பார்க்க வேண்டும், குளிருக்கு ஸ்வெட்டர் போடுங்கள். கரி அடுப்பை உள்ளே வைப்பதும் அதே ஆபத்துதான். கானில் ஊற்றுகிற ஒயில் நானு ஓயாவில் விழுந்து கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது, கீழே எத்தனையோ ஊர் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது. பழைய ஒயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள், பெற்றோலோ பிரேக் ஒயிலோ அதில் கலக்க வேண்டாம், நிறைந்ததும் ஒயில் மாற்றுகிற சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்றில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.