நிறம் ஃபிலிமில் இல்லை

கேள்வி: எழுபது வருடத்துக்கு மேல் உலகமே கொண்டாடிய கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமை கோடாக் 2009-ல் நிறுத்திவிட்டது. டிஜிட்டல்தானே அதைக் கொன்றது? தங்கள் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமை 2018-ல் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு இதைக் கொண்டுவர மட்டும் ஏன் மனசில்லை? லாப வெறி தவிர வேறென்ன காரணம்? அப்பா எடுத்துவிட்டுக் கழுவாமலே விட்டுப்போன ஒரு கோடாக்ரோம் ரோல் என்னிடம் இருக்கிறது. அதைக் கழுவித் தரக்கூட ஆளில்லை.
(வாசகர், கோவை)

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் தப்பான ஆளைத் திட்டுகிறீர்கள். டிஜிட்டல் கேமரா பரவுவதற்கு முன்பே கோடாக்ரோம் படுத்துவிட்டது. படம் எடுத்தவர்களே அதை ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள்.

ஏன் என்று தெரிய அந்த ஃபிலிமுக்குள் கொஞ்சம் போக வேண்டும். நாம் பழகிய மற்ற கலர் ஃபிலிம்களில் சாயத்துக்கான மூலப்பொருள் ஃபிலிமிலேயே பூசப்பட்டிருக்கும், கழுவும்போது அது நிறமாக மாறும். கோடாக்ரோமில் அது கிடையவே கிடையாது. சிவப்பு, பச்சை, நீல ஒளியைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் மூன்று கறுப்பு வெள்ளை அடுக்குகள், அவ்வளவுதான். நிறம் இருந்ததெல்லாம் லேபில். முதலில் சாதாரண கறுப்பு வெள்ளை போலக் கழுவுவார்கள், அப்புறம் அடிப்பக்கமிருந்து சிவப்பு விளக்கு காட்டி ஓர் அடுக்கில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம், மேல்பக்கமிருந்து நீல விளக்கு காட்டி இன்னொன்றில் மஞ்சள், மிச்சமிருக்கும் நடு அடுக்கில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) என்று ஏற்றி, கடைசியில் கறுப்பு வெள்ளைப் படத்தை உண்டாக்கிய வெள்ளி உலோகம் முழுவதையும் அகற்றிவிட்டால் சாயம் மட்டும் படமாக நிற்கும். மூன்று சாயத்துக்கும் மூன்று தனி டெவலப்பர், அதாவது கழுவும் ரசாயனக் கரைசல். ஒன்றின் சூடோ சேர்மானமோ கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இசைக்கலைஞர்கள் என்பதுதான் எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பு. லியோபோல்ட் மேன்ஸ் பியானோ வாசிப்பவர், லியோபோல்ட் கொடாவ்ஸ்கி வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாதே, அதனால் தாளம் பிசகாமல் ஒரு சிம்பொனியைச் சீழ்க்கையடித்தே கழுவும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். 1935-ல் சினிமா ஃபிலிமாக வந்தது, அடுத்த வருடம் சாதாரண கேமராவுக்கும் வந்தது. எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் நிற்கும் 1953-ஆம் வருடப் படமும், 1984-ல் பெஷாவர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியும் கோடாக்ரோம்தான்.

என் மேசையில் 1960-களின் ஸ்லைடு ஒன்று இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்தவர் எடுத்தது, அவர் மகன் எனக்குக் கொடுத்தார். அட்டைச் சட்டம் பழுப்பேறிவிட்டது, ஆனால் கப்பலின் மேல்தளத்தில் மாட்டியிருக்கும் தீயணைப்பு வாளியின் சிவப்பு நேற்று பெயின்ட் அடித்ததுபோல இருக்கிறது. ஸ்லைடை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால், பின்பக்கத்தில் அந்த வாளியின் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரியும், செதுக்கியது மாதிரி. வேறு ஸ்லைடில் இவ்வளவு துலக்கமாக நான் பார்த்ததில்லை. சாயப்பொருள் உள்ளே இல்லாததால் அடுக்குகள் மெலிசு, அதனால் அந்தக் கூர்மை. அதே காரணத்தால்தான் இருட்டில் வைத்த கோடாக்ரோம் இத்தனை காலமாக வெளுக்காமல் இருக்கிறது. (இருட்டில் வைத்தால் மட்டும். புரொஜெக்டரில் போட்டுப் போட்டுப் பார்த்தால் மற்ற ஸ்லைடுகளைவிடச் சீக்கிரம் மங்கும்.)

கோடாக்ரோமை உயர்த்தியதும் ஃபிலிமுக்குள் சாயப்பொருள் இல்லாத இந்த அமைப்புதான், வீழ்த்தியதும் அதுதான். எக்டாக்ரோம் வகை ஃபிலிமைப் பல ஊர் லேப்களில் கழுவ முடிந்தது, வீட்டுக் குளியலறையில்கூடக் கழுவ முடிந்தது. கோடாக்ரோமை எங்கோ இருக்கும் பெரிய லேபுக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்பங்கள் பிரிண்ட் போடும் நெகடிவ் ஃபிலிமுக்குப் போனார்கள், 1990-ல் ஃபியூஜியின் வெல்வியா ஸ்லைடு ஃபிலிம் வந்ததும் தொழில்முறைக்காரர்களில் பலர் அந்தப் பக்கம் போனார்கள். ரோல் வரத்து குறைந்தால் அந்த ரசாயனத்தைச் சீராக வைத்திருக்க முடியாது. லேப்கள் மூடின. லேப் மூடியதால் வாங்குகிறவர்கள் இன்னும் குறைந்தார்கள். 2006-ல் சுவிட்சர்லாந்து லேபும் மூடியது, கடைசியில் உலகம் முழுவதற்கும் மிஞ்சியது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரே ஒரு குடும்ப லேப். 2009-ல் நிறுத்தியபோது கோடாக்கின் ஸ்டில் ஃபிலிம் (சினிமா அல்லாத, சாதாரண கேமரா ஃபிலிம்) விற்பனையில் இதன் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த லேப் 2010 டிசம்பர் 30 வரை வந்த ரோல்களை மட்டும் வாங்கிக்கொண்டது. ரயில்வே தொழிலாளி ஒருவர் 1,580 ரோல்களைக் கழுவி வாங்கிப்போனார், அத்தனையும் ரயில் படங்கள்.

திரும்பக் கொண்டுவருவது பற்றிக் கேட்டீர்கள். எக்டாக்ரோம் திரும்பியபோது அதைக் கழுவ லேப்கள் ஏற்கனவே இருந்தன. கோடாக்ரோமுக்கு ஃபிலிமைச் செய்தால் போதாது, அந்த ரசாயனம், மெஷின், வேதியியல் தெரிந்த ஆட்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும். கோடாக்கை வேறு பல விஷயங்களுக்கு நானும் திட்டுவேன், இதற்குத் திட்ட மாட்டேன்.

சரி, உங்கள் அப்பாவின் ரோல். தயவுசெய்து வழக்கமான கலர் மெஷினில் போட விடாதீர்கள். உள்ளே சாயப்பொருள் இல்லாததால் வெள்ளிப் படிமமும் கரைந்து வெறும் ஃபிலிம்தான் கைக்கு வரும், முதுகிலிருக்கும் கரிப்பூச்சு வேறு மெஷினைக் கெடுக்கும். கறுப்பு வெள்ளையாகக் கையால் கழுவுகிறவர் யாரையாவது பிடியுங்கள். இது கோடாக்ரோம், கரிப்பூச்சை நீக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இத்தனை வருடத்தில் கொஞ்சம் புகைமூட்டம் படிந்திருக்கும். நிறம் வராது. ஆனால் அப்பா எதைப் பார்த்து நின்றார் என்பது வரும். அதுவரை ரோலை ஈரம் படாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.