துத்தநாகத்தைப் பிடுங்கிவிட்டால் போதாதா?

கேள்வி: பெனிசிலின் முதல் மெரோபெனம் வரை பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை உடைத்துப் போடும் என்.டி.எம்-1 என்ற பாக்டீரியா நொதிக்குத் துத்தநாகம் இல்லாமல் வேலையே ஓடாதாம். அதன் படிக அமைப்பும் 2011-லேயே வந்துவிட்டதாமே. பிறகென்ன, துத்தநாகத்தைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பிடுங்கலாம் அம்மா. அதோடு வேறு எதையெல்லாம் பிடுங்குவோம் என்பதுதான் சிக்கல். சோதனைக்குழாயில் உலோகங்களைக் கவ்விக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் இந்த நொதி அடங்கிவிடும். உடம்புக்குள் அது கால்சியத்தையும் வாரிக்கொண்டு போகும். நம் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியும் துத்தநாகத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின்-ஏ என்ற பூஞ்சைப் பொருள் துத்தநாகத்தைக் கழற்றி, எலிகளில் மெரோபெனத்துக்கு மறுபடி உயிர் கொடுத்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. எலி வேறு, ஆள் வேறு.

படிகங்களோடு மாரடித்தே தலை நரைத்தவன் நான். அந்தப் படிக அமைப்பின் படத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேக்குத் தெரிவது எலக்ட்ரான்கள்தான். கார்பனுக்கு 6, துத்தநாகத்துக்கு 30. ஆகவே எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தைத் திறந்ததும், நொதியில் உள்ள இரண்டு துத்தநாகமும் சமவெளியில் குன்றுபோல எழுந்து நிற்கும். ஒன்றை நொதியின் அமினோ அமிலங்களில் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. மற்றதை ஓர் ஆஸ்பார்டேட், ஒரு சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதுதான் மருந்தின் உயிர்நாடியான பீட்டா-லாக்டம் என்ற வளையத்தை வெட்டுகிறது. அது தண்ணீரா, ஒரு ஹைட்ரஜனை இழந்த ஹைட்ராக்சைடா? ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒரே எலக்ட்ரான். பெரும்பாலும் கண்ணில் படாது. ஹைட்ராக்சைடு என்பது வேதியியலை வைத்துச் செய்யும் அனுமானம். இன்னொன்று, 2011-ல் வந்த, ஆம்பிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்தோடு எடுத்த படத்தில் உள்ளே இருப்பது ஏற்கெனவே வெட்டுப்பட்ட ஆம்பிசிலின். கத்தி விழுந்த கணம் அதில் இல்லை. புத்தகங்களில் அழகாக அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்களே, அதில் பாதி ஊகம்.

இப்படி மருந்தை வெட்டும் நொதிகளை முடக்கும் பழைய தடுப்பான் கிளாவுலானிக் அமிலம் இங்கே ஏன் தோற்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. துத்தநாகத்துக்குப் பதிலாகச் செரீன் என்ற அமினோ அமிலத்தால் வெட்டும் நொதிகளில் மருந்து சற்று நேரம் நொதியோடு பிணைந்து நிற்கும்; அந்தப் பிணைப்பில்தான் கிளாவுலானிக் அமிலம் மாட்டிக்கொண்டு நொதியை முடக்கும். துத்தநாக நொதி அப்படிப் பிணைத்துக்கொள்வதில்லை.

நடைமுறையில் பலன் தந்தது சுற்றுவழி. அஸ்ட்ரியோனாம் என்ற பீட்டா-லாக்டம் மருந்தை என்.டி.எம்-1 வெட்டுவதில்லை. ஆனால் அதே பாக்டீரியா வைத்திருக்கும் செரீன் நொதிகள் வெட்டிவிடும். அவற்றை முடக்க அவிபாக்டம் என்ற தடுப்பான். இரண்டும் சேர்ந்த ஊசி மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அனுமதி கொடுத்தது.