அந்த ரூம் ஏன் இருட்டா இருக்கு?

கேள்வி: எனக்கு ரெண்டு பசங்க. பொண்ணு மூணாவது முடிச்சிருக்கா, பையனுக்கு அஞ்சு வயசு. லீவு விட்டதுலேர்ந்து போன்லயே கிடக்குறாங்கன்னு, இருட்டுல மின்னுற கிராஃப்ட் பண்ணலாம்னு ஆன்லைன்ல கிளோ பவுடர் வாங்கினேன். ஃபெவிகால்ல கலந்து ஜாம் பாட்டில் உள்ள தடவினோம். மாமியார் ரூம்ல டியூப்லைட் போயி ரெண்டு மாசமாச்சு, ஜன்னலை சாத்தினா பகல்லயே கும்மிருட்டு, அதனால அவங்கள ஹால்ல உக்கார வச்சுட்டு அங்கதான் செல்போன் டார்ச் வச்சு எல்லாம் பண்ணோம். வீடியோல வர்ற மாதிரி மின்னவே இல்ல, லேசா பச்சையா தெரிஞ்சு கொஞ்ச நேரத்துல அணைஞ்சு போச்சு. அப்புறம் கிளோ ஸ்டிக்கை வெட்டி பாட்டில்ல ஊத்தினோம், அது சூப்பரா இருந்துச்சு, ஆனா பையன் கண்ணு எரியுதுன்னு அழுதான். இப்ப ரெண்டும் போனுக்கே போயிடுச்சுங்க. எந்த பவுடர் வாங்கினா நல்லா மின்னும்? – ஒரு வாசகி, விழுப்புரம்.

பதில்: மே மாசம் வந்தாலே எனக்கு இப்படி பத்து லெட்டர் வருதும்மா. எந்த பவுடர், எந்த பசை, பசங்க ஏன் உக்கார மாட்டேங்குறாங்க, இதே கேள்விதான் திரும்பத் திரும்ப. நீங்க நல்ல அம்மா, கவலைப்படாதீங்கன்னு ரெண்டு வரி எழுதி ஆரம்பிப்பேன்னு எதிர்பார்த்திருப்பீங்க. எழுத மாட்டேன். உங்க லெட்டர்ல நடுவுல ஒரு வரி இருக்கு, நீங்க பாட்டுக்கு எழுதிட்டு தாண்டி போயிட்டீங்க, என்னால தாண்ட முடியல.

மாமியார் ரூம்ல டியூப்லைட் போயி ரெண்டு மாசமாச்சு.

ரெண்டு மாசம்! அறுபது ராத்திரி. அந்தம்மா மாத்திரையை எப்படி எடுத்து போட்டாங்க, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா எதைப் பிடிச்சுட்டு போனாங்க, சுவத்தையா கட்டில் காலையா, யோசிச்சீங்களா? வயசானவங்க இருட்டுல தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சா ஆபரேஷன், படுக்கை, அதுக்கப்புறம் பழையபடி நடக்குறது நிறைய பேருக்கு நடக்கறதே இல்ல. அந்த ரூமுக்குள்ள போயி பாத்தப்போ உங்களுக்கு தோணினது ‘ஆஹா நல்ல இருட்டு, கிராஃப்ட்டுக்கு வசதி’ங்கறதுதானே. ரூமுக்கு சொந்தக்காரங்களை எழுப்பி ஹால்ல உக்கார வச்சீங்க. பேரப்பசங்க உள்ள என்னமோ பண்றாங்க, சிரிக்கிற சத்தம் கேக்குது, அந்தம்மா வெளிய உக்காந்திருக்காங்க. அவங்களை ஒரு தடவை உள்ள கூப்பிட்டு காட்டினதா உங்க லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல.

உங்களை மட்டும் திட்டல. உங்க வீட்டுக்காரர் எங்க? அது அவரோட அம்மா. பெத்தவங்க ரூம்ல லைட் எரியுதான்னு பாக்குறது மருமக தலையில மட்டும் விழற வேலைன்னு நான் எப்பவும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன், இந்தப் பக்கத்தை அவருக்கு படிச்சு காட்டுங்க. ஆனா கிளோ பவுடர் ஆர்டர் பண்ண நேரமும் காசும் இருந்த வீட்ல டியூப்லைட் மாத்த நேரமில்லன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, இப்ப உங்க கேள்விக்கு வரேன், அதுக்கும் பதில் அதே வரியிலதான் இருக்கு. உங்க பாட்டில் ஏன் மின்னல? அந்த ரூம்ல லைட் இல்ல, அதான். இந்த பவுடர் தானா வெளிச்சத்தை உண்டாக்காதும்மா. மேல விழுற வெளிச்சத்தை உள்ள வாங்கி வச்சுக்கிட்டு, இருட்டுல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி விடும், அவ்வளவுதான் அதோட வேலை. ஜன்னலை சாத்திட்டு செல்போன் டார்ச்ல தடவினா அதுக்கு சாப்பாடே போடாம ஓடுன்னு சொன்ன மாதிரி. மொட்டை மாடியில வெயில்ல ஒரு பத்து நிமிஷம் வச்சிருந்தாலே ராத்திரி பசங்க கத்தியிருப்பாங்க.

பவுடர்ல ரெண்டு ஜாதி உண்டு. பழைய ரகம் ஜிங்க் சல்ஃபைடு, நம்ம சின்ன வயசுல வந்த மின்னுற பொம்மை எல்லாம் அதுதான், கொஞ்ச நேரத்துல மங்கிடும். 90கள்ல ஜப்பான்காரங்க கொண்டு வந்தது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், அதுல யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம்னு ரெண்டு உலோகம் துளித் துளி கலந்திருக்கும், பழசை விட பத்து மடங்கு பளிச்சுனு பல மணி நேரம் நிக்கும். ஆனா அதுக்கு தண்ணி ஆகாது. ஃபெவிகால்ல இருக்கிறதே தண்ணிதான், அதனால கோட்டிங் போட்ட வாட்டர்ப்ரூஃப் பவுடர்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. கலக்குறது நீங்க கலக்குங்க, பசங்க மூக்குக்கு நேரா பவுடரை கொட்டாதீங்க. ரேடியம் ஸ்டிக்கர்னு வண்டிக்கு ஒட்டுற கடையில போயி கேக்காதீங்க, அது ஹெட்லைட் பட்டா திருப்பி அடிக்கும், இருட்டுல தானா மின்னாது. பேர்லதான் ரேடியம், அந்த ஸ்டிக்கர்லயும் சரி, இந்த பவுடர்லயும் சரி, ரேடியம் கிடையாது. நிஜ ரேடியம் கதிர்வீச்சு விடுற விஷம், அந்த பெயிண்ட்டை நூறு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல வாட்ச் டயல்ல தீட்டின பொண்ணுங்கள்ல நிறைய பேர், பிரஷ் நுனியை கூராக்க வாயில வச்சு வச்சு தாடை எலும்பு அழுகி செத்துப் போனாங்க. மின்னுற எதையும் பசங்க வாய்க்கிட்ட விடாதீங்கன்னு நான் சொல்றது அதனாலதான்.

கிளோ ஸ்டிக்கை வெட்டினது பெரிய தப்பு. உள்ள ஒரு சின்ன கண்ணாடிக் குழாய் இருக்கு, அதுல ஹைட்ரஜன் பெராக்சைடு. மடக்கும்போது டப்புன்னு உடையுதே, அதுதான். வெட்டி ஊத்தினா கெமிக்கலோட சேர்ந்து கண்ணாடித் தூளும் வரும். வெட்டாம அப்படியே பாட்டில்ல போட்டாலே அழகாத்தான் இருக்கும். கண்ணுல பட்டா ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவணும். பையனுக்கு இன்னும் உறுத்தல் இருந்தா இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் கூட காத்திருக்காதீங்க, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

பசங்க போனுக்கே போயிட்டாங்கன்னீங்க. போகாம என்ன பண்ணும், பாட்டில் மின்னுது, சரி, அப்புறம்? அது யாருக்கு? எதுக்கு? அஞ்சு வயசுப் பையன்கிட்ட ‘இது ஆயாவுக்கு, ராத்திரி ஆயாவுக்கு சுவிட்ச் தெரியல, நீதான் தெரிய வைக்கணும்’னு சொல்லிப் பாருங்க, அவன் எந்திரிக்கவே மாட்டான். மின்னுற டேப்னே ரோலா விக்குது, அதுல நட்சத்திரமோ மீனோ பொண்ணு வெட்டட்டும். சுவிட்ச் போர்டை சுத்தி, கைத்தடியில ரெண்டு வளையம், பாத்ரூம் கதவு நிலையில, மாத்திரை டப்பா மூடியில, செருப்பு ஓரத்துல ஒட்டட்டும். எங்க ஒட்டணும்னு நீங்க சொல்லக்கூடாது, ஆயாதான் சொல்லணும், எந்த இடத்துல தடுக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். சாயங்காலத்துலேர்ந்து படுக்கிற வரைக்கும் ரூம்ல லைட் எரிஞ்சா டேப் வெளிச்சம் குடிச்சுக்கும், அணைச்சப்புறம் இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு ரொம்ப நேரம் தெரியும். அப்பவும் ஒரு நைட் லேம்ப் இருக்கட்டும், டேப்பை நம்பி அதை விட்டுடாதீங்க. பட்டன் பேட்டரி போட்ட குட்டி லைட் மட்டும் அந்த வீட்டுக்குள்ள வேண்டாம், முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாயை அரிச்சுடும்.

இன்னொண்ணு. நீங்க இருக்கிறது விழுப்புரம். உங்க மாமியார் அந்தப் பக்கத்து ஊர்ல பொறந்து வளர்ந்தவங்கன்னா கார்த்திகைக்கு மாவளி சுத்துறதை பாக்காம இருந்திருக்க மாட்டாங்க. ஆண் பனையோட பூவை காய வச்சு, குழியில போட்டு எரிச்சு மண்ணைப் போட்டு மூடி கரியாக்கி, அரைச்சு, துணியில சுருட்டி தச்சு, பனை மட்டைக்கு நடுவுல வச்சு கட்டி, கயித்துல சுத்தினா தலைக்கு மேல பொறி மழையா கொட்டும். எந்த ஆன்லைன் பவுடர் அதுக்கு ஈடாகும்? வீட்டுக்குள்ள பண்ற வேலை இல்ல அது, பெரியவங்க கூட இருந்து வெட்டவெளியில பண்றது. கார்த்திகைக்கு இன்னும் மாசம் கிடக்கு, ஆனா கதையை இப்பவே கேக்கலாமே. வெளிச்சத்தை வச்சு விளையாடத் தெரிஞ்ச ஒரு ஆளை ஹால்ல உக்கார வச்சுட்டு நீங்க வீடியோ பாத்துட்டு இருந்திருக்கீங்களேங்கறதுதான் எனக்கு ஆறல.

இன்னிக்கே போங்க. பழைய சோக் டியூப்லைட்டா இருந்தா பாதி நேரம் போறது ஸ்டார்ட்டர்தான், பக்கவாட்டுல இருக்கிற சின்ன வெள்ளை டப்பா, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒரு திருகு திருகினா கையில வந்துடும், புதுசை அதே மாதிரி போட்டுத் திருகினா போதும், தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையிலயே கிடைக்கும். அதுல எரியலைன்னா புது எல்.இ.டி. போட்டுடுங்க. உங்க வீட்டுக்காரர் ஸ்டூல்ல ஏறட்டும், பொண்ணு டார்ச் பிடிக்கட்டும், சுவிட்சை ஆயா போடட்டும்.